"குடும்பத்தில ஆருக்கும் இப்பிடி இருந்ததோ?" எண்டு கேட்டினம், நான் இல்லை எண்டிட்டன்

போன மாசம் கிளினிக்கில எனக்குப் பக்கத்தில ஒட்டுசுட்டான் பக்கத்து அம்மா ஒராள் இருந்தவ. கூட ஒரு நாலு வயசுப் பெடியன், மடியில தடிச்ச ஃபைல் ஒண்டு. பெடியன் நிலத்தில கிடந்த மூடியொண்டை எடுக்கக் குனிஞ்சு இருந்திட்டு ஒழும்பேக்க, ரெண்டு கையையும் முழங்காலில ஊண்டி, பேந்து துடையில ஊண்டி, தன்ர உடம்பிலயே ஏறுற மாதிரி ஒழும்பினவன். எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. "என்ன வருத்தம் அம்மா பிள்ளைக்கு" எண்டு கேக்க, "ஈரல் பிழையாம், ஒரு வருசமாக் காட்டுறம், குறையுதில்லை" எண்டா. அப்பிடியே ஆறேழு வருசத்துக்கு முதல் இருந்த என்னைப் பாத்த மாதிரி இருந்திச்சு. ஒரு துண்டில "சிபிகே" எண்ட, தசை உடையுதோ எண்டு பாக்கிற ரத்த ரெஸ்ற்றின்ர பேரை எழுதிக் குடுத்து, இதைப் பாத்தாச்சோ எண்டு டொக்டரிட்டக் கேளுங்கோ எண்டு மட்டும் சொல்லிட்டு வந்தன். அண்டிரவு நித்திரை இல்லை. அதான் என்ர மகனுக்கு இருக்கிற டுஷேன் எண்ட தசை வருத்தத்தைப் பற்றி எழுதுறன், நீளமா இருக்கும், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

என்ர மூத்தவன் 2014ல பிறந்தவன். ஒண்டரை வயசு தாண்டித்தான் நடந்தவன், ஆம்பிளைப் பிள்ளை ஆறுதலாத்தான் நடக்கும் எண்டு மாமி சொன்னா, நானும் விட்டிட்டன். நாலு வயசில முன்பள்ளிக்குப் போகேக்க அடிக்கடி விழுவான், மற்றப் பிள்ளையள் ஓடேக்க இவன் ஆடி ஆடி நடப்பான், பஸ் படி ஏறவே மாட்டான், தூக்கித்தான் விடவேணும். ஆனா கெண்டைக்கால் ரெண்டும் நல்லா உருண்டு திரண்டு இருக்கும். பாக்கிற சனமெல்லாம் "காலைப் பார், இவன் பெரிய ஃபுட்போல்காரனா வருவான்" எண்டு சொல்லும். எனக்கும் பெருமைதான், பொய் சொல்லேல்லை. அந்தக் கெண்டைக்கால் தசையில்லை, தசை செத்துச் செத்து அந்த இடத்தில கொழுப்பும் நாரும் நிரம்பித்தான் அப்பிடி வீங்கி நிக்குது எண்டு ஆர் கண்டது.

2018 கடைசியில அவனுக்கு ஒரு காய்ச்சல், டெங்குவோ எண்டு ரத்தம் பாத்தவை. டெங்கு இல்லை, ஆனா ஈரலுக்கெண்டு பாக்கிற ரெஸ்ற்றுகள் அளவுக்கு மிஞ்சிக் கிடந்துது, எஸ்ஜிபிடி 280, எஸ்ஜிஓடி அதுக்கும் மேல. ஈரல் பாதிப்பு எண்டிட்டினம். அண்டைக்குத் தொடங்கின அலைச்சல் 14 மாசம். கிளிநொச்சி, யாழ்ப்பாணம், பேந்து வான் பிடிச்சுக் கொழும்பு, மூண்டு தரம் ஸ்கான், மஞ்சள்காமாலைக் கிருமி ரெண்டுக்கும் ரெஸ்ற், கண்ணில செம்பு வளையம் இருக்கோ எண்டும் பாத்தாச்சு. இடையில ஊர்ப் பரியாரியாரிட்ட கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடுத்தம், எண்ணெய் முட்டை இறைச்சி எல்லாத்தையும் நிப்பாட்டினம். வளர்ற பிள்ளைக்கு ஒரு வருசம் முட்டை குடுக்காமல் விட்டது இண்டைக்கும் நினைச்சா வயிறு எரியும். வத்தாப்பளை அம்மனுக்குப் பொங்கி நேர்த்தியும் வச்சம், அது வேற, அதைக் குறை சொல்லேல்லை. ஈரலுக்கெண்டு மட்டும் போனது 1 லட்சத்து 80 ஆயிரம், என்ர காப்புச் சோடி அடகுக்குப் போய் மீக்க ஏலாமல் கையை விட்டும் போட்டுது. கடைசியா ஒரு இடத்தில ஈரலில ஊசி விட்டுத் துண்டெடுத்துப் பாப்பம் எண்டு நாளும் குறிச்சவை.

அதைத் தடுத்தது ஒரு பிசியோ மிஸ். அவவிட்ட நாங்கள் காட்டப் போகவே இல்லை, வராந்தாவில இவன் நிலத்திலயிருந்து ஒழும்பின விதத்தைப் பாத்திட்டு அவவாத்தான் வந்தவ. "அம்மா, ஈரல் எண்டு ஆர் சொன்னது? சிபிகே செய்தவையோ?" எண்டு கேட்டா. எனக்கு அந்தப் பேரே தெரியாது. அடுத்த நாள் செய்தம், 200க்குக் கீழ இருக்கவேண்டியது 16 ஆயிரம் சொச்சம். அப்பதான் விளங்கினது, எஸ்ஜிபிடியும் எஸ்ஜிஓடியும் ஈரலில மட்டும் இருக்கிற சாமான் இல்லையாம், தசையிலயும் இருக்காம், தசை உடைய உடைய ரத்தத்துக்க வருமாம். ஈரல்தான் பிழையெண்டா ஜிஜிடி எண்ட மற்ற ரெஸ்ற்றும் பெரும்பாலும் கூடியிருக்கும், இவனுக்கு அது ஒவ்வொருக்காலும் நோர்மல். ஃபைலிலயே கிடந்திருக்கு, ஒருத்தரும் பாக்கேல்லை, நானும் கேக்கேல்லை. ஆகவே ஆம்பிளைப் பிள்ளை பிந்தி நடந்து, விழுந்து விழுந்து, கெண்டைக்கால் பெருத்து, அதோட ஈரல் ரெஸ்ற் கூடியிருந்தா ஸ்கானுக்கு முதல் சிபிகே கேளுங்கோ. காசும் கொஞ்சம், ஒரே நாளில வந்திடும்.

நரம்பியல் டொக்டர் "டுஷேன்" எண்ட பேரைச் சொல்லேக்க எனக்கு ஒண்டும் ஏறேல்லை. 5000 ஆண் பிள்ளையளில ஒருத்தருக்கு மாதிரி வாற வருத்தம், தசைக்கு அதிர்ச்சி தாங்கி மாதிரி இருக்கிற டிஸ்ட்ரோஃபின் எண்ட புரதம் உடம்பில உருவாகிறதில்லை, அதைச் செய்யச் சொல்லிக் குடுக்கிற ஜீன் பழுது, ஜீன் ரெஸ்ற் செய்து உறுதிப்படுத்த வேணும் எண்டு சொன்னவர். பேந்து கேட்டவர், "குடும்பத்தில ஆருக்கும் இப்பிடி இருந்ததோ? உங்கட சகோதரங்கள், மாமன்மார்?" நான் இல்லை எண்டன். யோசிக்கவே இல்லை. அதுக்கு முதலும் ரெண்டு இடத்தில கேட்டவை, அங்கயும் இல்லை எண்டுதான் சொன்னனான். இதை ஞாபகம் வச்சிருங்கோ, பிறகு வாறன்.

2020 கொரோனாவோட ஒரு வருசம் சும்மா போச்சு. 2021ல என்ர மனுசன் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினை வித்து, ஒரு தனியார் லாப்பில "எல்லா ஜீனும் ஒரேயடியாப் பாக்கிறது" எண்டு சொல்லி எக்ஸோம் எண்ட ரெஸ்ற் குடுத்தம், ஒண்டரை லட்சத்துக்குக் கிட்ட. கவுண்டரில நிண்ட பெடியன்தான் இது பெரிசு, இதையே செய்யுங்கோ எண்டவன், டொக்டரிட்டத் திருப்பிக் கேக்காமல் குடுத்தது எங்கட மடைத்தனம். ரெண்டரை மாசத்தால றிப்போட் வந்துது, டுஷேன் ஜீனில ஒண்டும் இல்லையாம், ஆனா வேறொரு தசை ஜீனில ஒரு எழுத்து மாறியிருக்காம், அது வருத்தமோ இல்லையோ எண்டு தெரியாதாம். தெரியாததைச் சொல்லவோ ஒண்டரை லட்சம்? நான் இரவிரவா ஃபோனில அந்த மற்ற வருத்தத்தைப் பற்றி வாசிச்சு அழுதழுது, ரெண்டு மாசம் வேறயொரு நோயோட வாழ்ந்தன், உண்மையைச் சொன்னா சமைக்கக்கூட மனமில்லை.

நரம்பியல் டொக்டர் றிப்போட்டைப் பாத்திட்டு முதல் சொன்னது "இதை ரெண்டாவதாச் செய்திருக்க வேணும்" எண்டு. டுஷேன் பிள்ளையளில மூண்டில ரெண்டு பேருக்கு மாதிரி ஜீனில ஒரு பெரிய துண்டே இல்லாமல் போயிருக்கும், இல்லாட்டி ரெண்டு தரம் வந்திருக்கும். எக்ஸோம் எழுத்தெழுத்தா வாசிக்கிற ரெஸ்ற், எழுத்துப் பிழையைப் பிடிக்கும், பக்கமே கிழிஞ்சிருந்தா சில நேரம் பிடிபடாது. பக்கம் எண்ணிப் பாக்கிற ரெஸ்ற் வேற, அதுக்குப் பேர் எம்எல்பிஏ, அதுதான் முதல், அதில வராட்டித்தான் மற்றது. காசும் நாங்கள் குடுத்ததில கால்வாசி வராது. அந்தத் "தெரியாத" எழுத்தைப் பற்றியும் விளங்கப்படுத்தினவர். மனுசரின்ர மரபணுத் தொகுதியை வாசிச்சு முடிச்சம் எண்டு 2003ல அறிவிச்சாலும், ஆருக்கு எந்த எழுத்து மாறியிருக்கிறது சாதாரணம் எண்டு தெரிய கன சனத்தின்ர ரத்தம் வேணும், அந்தச் சேகரிப்பில வெள்ளைக்காரர்தான் கூட, எங்கட ஆக்கள் குறைவு. அதால எங்களுக்குச் சும்மா இருக்கிற வித்தியாசமும் "தெரியாது" எண்டு வந்து நிக்கும். ஆனா 2015ல முடிஞ்ச ஆயிரம் ஜீனோம் திட்டத்தில 26 இனக்குழு, 2504 பேர், அதில பிரித்தானியாவில இருக்கிற இலங்கைத் தமிழரும் ஒரு தனிக் குழுவாம். அவர் கொம்பியூட்டரில தேடிப் பாத்திட்டு, உங்கட பிள்ளைக்கு இருக்கிற அதே எழுத்து தெற்காசிய ஆக்கள் கன பேருக்கு இருக்கு, இதுக்குப் பயப்பிட வேண்டாம் எண்டார். லண்டனில எங்கட சனம் ஆரோ ஒருத்தர் எப்பவோ கையை நீட்டி ரத்தம் குடுத்ததில எனக்கு இங்க ஒரு இரவு நித்திரை வந்துது. இடம்பெயர்ந்து போனதுகள் காசுதான் அனுப்புங்கள் எண்டு நினைச்சிருந்தன்.

எம்எல்பிஏ 2022ல, பெற்றோல் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் இருந்த நேரம் செய்தது. ஜீனில 79 துண்டு, இவனுக்கு 45ல இருந்து 50 வரைக்கும் இல்லை. ஆறு துண்டுதானே, மிச்சம் 73 இருக்கே எண்டு நான் கேட்டன். டொக்டர் ஒரு தாளில எழுதிக் காட்டினார்: மரம் குளம் படம் வயல். இதை உடம்பு மூண்டு மூண்டு எழுத்தாத்தான் வாசிக்கும். "குளம்" எண்ட மூண்டு எழுத்தும் போனா "மரம் படம் வயல்", ஏதோ விளங்கும், அப்பிடி இருக்கிற பிள்ளையளுக்கு பெக்கர் எண்ட கொஞ்சம் மெதுவான வருத்தம்தான் வரும். ஆனா "ர" எண்ட ஒரு எழுத்து மட்டும் போனா "மம்கு ளம்ப டம்வ யல்", ஒண்டுமே வாசிக்க ஏலாது. எவ்வளவு போச்சு எண்டதைவிட மூண்டின்ர கணக்குக் குழம்பினதோ எண்டதுதான் முக்கியமாம். இவன்ர 45–50 கணக்கைக் குழப்புற வகை. 51ஆவது துண்டையும் உடம்பு வாசிக்காமல் தாண்டிப் போனா கணக்குச் சரி வருமாம், அதுக்கு ஒரு மருந்து 2016ல அமெரிக்காவில அனுமதிச்சவை, கிழமைக்கொருக்கா ஊசி, பலன் கொஞ்சம், விலை எங்கட ஏழேழு தலைமுறைக்கும் எட்டாது. 2023ல ஒரு ஜீன் சிகிச்சையும் வந்தது, 30 லட்சம் டொலருக்கு மேல, பேந்து ஈரல் பழுதாகிப் பிள்ளையள் செத்து அதுக்குக் கட்டுப்பாடும் போட்டாச்சு. இதையெல்லாம் ஏன் எழுதுறன் எண்டா, உங்கட பிள்ளைக்கு எந்தத் துண்டு இல்லை எண்டது உங்களுக்குப் பாடமா இருக்கவேணும். மருந்துப் பரீட்சைக்கு ஆக்கள் எடுக்கேக்க அந்த நம்பரைத்தான் கேப்பினம். ஃபேஸ்புக்கில "ஸ்டெம் செல் ஊசி, மூண்டு மாசத்தில நடக்கும்" எண்டு போடுறவங்கள் அந்த நம்பரைக் கேக்கவே மாட்டாங்கள். எங்களிட்ட 9 லட்சம் கேட்டவங்கள், வயல் ஈடு வைக்கிற அளவுக்குப் போய்த் திரும்பின கதை அது, விடுங்கோ.

இனி அண்ணா. றிப்போட்டோட அடுத்த பக்கத்தில என்ர ரத்தத்தின்ர முடிவும் வந்தது, எனக்கும் ஒரு எக்ஸ் குரோமோசோமில அதே 45–50 இல்லை. பொம்பிளையளுக்கு எக்ஸ் குரோமோசோம் ரெண்டு, ஒண்டு பழுதெண்டாலும் மற்றது காப்பாத்தும், ஆம்பிளைக்கு ஒண்டுதான். டொக்டர் திருப்பியும் கேட்டார், "உங்கட அம்மாவுக்கு ஆம்பிளைப் பிள்ளையள் இருந்ததோ?" அப்பதான் என்ர வாய் கட்டிப்போச்சு. எனக்கொரு அண்ணா இருந்தவர். 1982ல பிறந்தவர், பத்து வயசில நடை நிண்டது, 96ல கிளிநொச்சியால இடம்பெயரேக்க அப்பா சைக்கிள் கரியரில பலகை கட்டி அவரை இருத்தித் தள்ளிக்கொண்டு போனவர், 99ல 17 வயசில மல்லாவியில நெஞ்சுச் சளி எண்டு போய்ச் சேந்திட்டார். அது போலியோ எண்டுதான் வீட்டில சொல்லுறது. வருத்தம் எண்டு கேட்டா எனக்கு அண்ணா ஞாபகம் வராது, போலியோ எண்டா கிருமி, அது குடும்பத்தில வாறதில்லை எண்டு மனசு ஒதுக்கி வச்சிட்டுது. படம் ஒண்டுகூட மிஞ்சேல்லை, 2009ல எல்லாம் போட்டுது. வீட்டை வந்து அம்மாவிட்டக் கேட்டன், "அம்மா, அண்ணான்ர கெண்டைக்கால் எப்பிடி இருந்தது?" அம்மா அரிசி புடைச்சுக்கொண்டு இருந்தவ, நிமிராமலே "பெருத்துத்தான் பிள்ளை, இவன்ரை மாதிரித்தான்" எண்டா. அப்ப எத்தினை வருசமா அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு எண்டு நான் கேக்கேல்லை, கேக்கவும் மாட்டன். அந்த ஜீனையும் புரதத்தையும் 1986, 87லதான் கண்டுபிடிச்சவையாம், அண்ணாவுக்கு அப்ப அஞ்சு வயசு, விழுந்து விழுந்து நடந்திருப்பார்.

ஒண்டு மட்டும் லேசாச்சு. அதுவரைக்கும் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு காரணம். நானும் இவரும் சொந்த மச்சான் மச்சாள், அதான் எண்டு ஊர் சொல்லிச்சு. ஷெல்லும் குண்டும் விழுந்த மண்ணில விளைஞ்சதைத் திண்டது, வயித்தில இருக்கேக்க நான் கிரகணம் பாத்தது, மாமி ஒருக்கால் என்ர ராசியையும் இழுத்தா. சண்டை மண் எண்டதை நானே நம்பினனான். டொக்டர் சொன்னார், சொந்தத்துக்க முடிக்கிறதால கூடுற வருத்தங்கள் இருக்கு, தலசீமியா மாதிரி, ரெண்டு பக்கமும் பழுது சேரவேண்டியது, அதுகளுக்குக் கலியாணத்துக்கு முதல் ரத்தம் பாக்கவேணும். இது அந்தக் கணக்கில்லை, நீங்கள் அமெரிக்காக்காரனைக் கட்டியிருந்தாலும் பிறக்கிற ஆம்பிளைப் பிள்ளைக்கு வாற சாத்தியம் இதே பாதிக்குப் பாதிதான் எண்டு. மூண்டில ஒரு பங்குப் பிள்ளையளுக்கு தாயிட்டயும் இல்லாமல் புதுசா உண்டாகுமாம், ஆனபடியால் தாயைக் குற்றம் சொல்ல முதல் தாயின்ர ரெஸ்ற்றையும் பாக்கவேணும். எனக்கு இருந்தது, சரி. இருந்தாலும் நான் செய்த பிழை இல்லை எண்டு ஒருத்தர் தாளில காட்டினது எனக்குப் போதுமா இருந்தது.

பிழை விட்டது பிறகுதான். அம்மா, "தங்கச்சியிட்டச் சொல்லாதை, இப்பதான் முடிச்சவள், அவையின்ர ஆக்கள் என்ன நினைப்பினம்" எண்டா. நானும் எட்டு மாசம் மறைச்சன். அந்த எட்டு மாசத்துக்க அவள் பிள்ளைத்தாச்சி. மூண்டாம் மாசம் சொன்னன், வேற வழியில்லை. அவள் என்னைப் பாத்த பார்வை இருக்கே, அதுக்குப் பிறகு றிப்போட் வரும்வரைக்கும் என்னோட கதைக்கேல்லை. வயித்தில இருக்கேக்கயே கண்டுபிடிக்க வழி இருக்கு, ஆனா எங்கட நாட்டுச் சட்டம் தாயின்ர உயிரைக் காப்பாத்தத் தவிர வேறெதுக்கும் கருக்கலைக்க விடாது, அப்ப தெரிஞ்சென்ன எண்டு அவள் கேட்டதுக்கு என்னட்டப் பதில் இல்லை. கலியாணத்துக்கு முதல் தெரிஞ்சிருந்தா அவளாவே முடிவெடுத்திருப்பாள். நல்ல காலம், அவளுக்கு அந்தப் பழுது இல்லை. அவளின்ர ரெஸ்ற் செய்யிறது லேசு, 45–50 எண்டு தெரிஞ்சபடியால் நேர அந்த இடத்தை மட்டும் பாத்தா சரி. கனடாவில சின்னம்மான்ர மகளுக்கும் றிப்போட்டை வாட்ஸப்பில அனுப்பினன், இந்தமுறை அம்மாவைக் கேக்கேல்லை. அண்ணை தம்பிமாரின்ர வருத்தம் எண்டு நினைக்காதையுங்கோ, தங்கச்சி, பெரியம்மா சின்னம்மாவின்ர பெட்டையள், இவையளுக்குத்தான் அந்தத் தாள் கூட வேணும்.

மகனுக்கு இப்ப 11. வீட்டுக்குள்ள பிடிச்சுப் பிடிச்சு நடப்பான், பள்ளிக்கூடத்துக்கு வீல்செயார். ஸ்டீரொயிட் குளிசை ஆறு வயசில தொடங்கினது, ஈரல் ஈரல் எண்டு அலையாட்டி முன்னமே தொடங்கியிருக்கலாம் எண்டது எனக்குள்ள இருந்துகொண்டே இருக்கும். முகம் ஊதும், பசி கூடும், கோவம் வரும், ஆனா நடையைக் கொஞ்சக் காலம் இழுத்துப் பிடிக்கும். அதை ஒரேயடியா நிப்பாட்டவே கூடாது, 2022ல பாமசியில இல்லாமல் போய் நான் முறிகண்டியில இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு அழுதனான், அதுக்குப் பிறகு எப்பவும் ஒரு மாசக் குளிசை கூடுதலா வச்சிருப்பன். கிளினிக் கொப்பி முன்மட்டையில சிவப்புப் பேனையால வருத்தத்தின்ர பேரும், "சக்ஸமெத்தோனியம் போடக் கூடாது" எண்டும் எழுதி வச்சிருக்கிறன், கை கால் முறிஞ்சு அவசரமா மயக்கம் குடுக்கேக்க தசையைத் தளர்த்தப் போடுற மருந்து அது, இந்தப் பிள்ளையளுக்கு இதயத்தையே நிப்பாட்டிப்போடும். கொழும்பில கதைக்கிறது சிங்களம், றிப்போட் இங்கிலிஷ். அதால டொக்டரிட்டக் கேட்டு அவர் சொல்லுறதை ஃபோனில பதிஞ்சு வச்சிருக்கிறன், வீட்டை வந்து பத்துத்தரம் கேப்பன், வெக்கப்பட்டுத் தலையாட்டிட்டு வந்த காலம் போச்சு. ஒறிஜினல் றிப்போட்டை ஆருக்கும் குடுக்கிறதில்லை, பிளாஸ்டிக் போட்டு காணி உறுதியோட ஒரே பைக்க.

போன கிழமை அவன் வயல்வரம்பில வீல்செயாரில இருந்துகொண்டு, பெரிய மாமாவை எதில கொண்டுபோனவை எண்டு கேட்டான். சைக்கிளில எண்டன். கரியர் பின்னுக்கோ முன்னுக்கோ, விழாமல் கட்டினவையோ எண்டு அவனுக்கு விளக்கம் வேணும். அம்மாதான் பலகையின்ர நீள அகலமெல்லாம் கையால காட்டிச் சொன்னவ, அண்ணாவைப் பற்றி அவ அவ்வளவு நேரம் கதைச்சு நான் பாத்ததில்லை.

வாற புதன் எனக்கு எக்கோ, இதயத்தை ஸ்கான் பண்ணிப் பாக்கிறது. பழுதைக் காவுற தாய்மாருக்கும் இதயம் பலவீனமாகலாமாம், கொஞ்ச வருசத்துக்கு ஒருக்கால் பாக்கச் சொன்னவை, நான் ரெண்டு தரம் நாள் தவற விட்டிட்டன். அறுவடை முடிஞ்சுது, இனிச் சாட்டில்லை, மாங்குளத்தில விடிய அஞ்சரை பஸ். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போறன், அவவுக்கு ஒருக்காலும் பாத்ததில்லை.